தள்ளினாலும் கத்தும் கார்

"ஊர்ல எல்லாரும் நல்லவங்கதானேம்மா, நீ யாரைப் பிடிக்கப் போறே?"

மாடியறையை வாடகைக்குக் கேட்டுப் போன அன்று ஜெராக்ஸ் கடைக்காரர் அவளிடம் இப்படித்தான் கேட்டார். கட்டடம் அவருடையது.

"நல்லவங்களைத்தான் சார். கெட்டவங்களைப் பிடிக்கப் போலீஸ் இருக்கு" என்றாள் அவள்.

பதில் அவருக்குப் புரியவில்லை. புரியாத பதில் சொல்கிறவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்களாக இருப்பார்கள் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அவளுக்குத் துப்பு என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் வேறு. பத்தாம் வகுப்பில் கோட்டை விட்ட நாளிலிருந்து அப்பா அவளைத் 'துப்புக்கெட்டவளே' என்றுதான் கூப்பிட்டார். துப்பறியும் தொழில் தொடங்கியபோது அவள் அதன் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு முன்பாதியைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டாள். அப்பா அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. வீடே நிம்மதியாக இருந்தது.

உதவிக்கு இருந்தது அவளுடைய அண்ணி. சம்பளம் என்று எதுவும் கிடையாது. நாள் முழுக்க நாத்தனாரை வாய்க்கு வந்தபடி பேசலாம், அதுதான் சம்பளம். "வேற எந்த ஆபீஸ்ல இந்த வசதி கிடைக்கும்?" என்று அண்ணி பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் படிக்கட்டு அதிர ஒரு நர்ஸ் ஏறி வந்தாள். வெள்ளைச் சீருடை, கொண்டையில் குத்திய பேனா. கார் சாவியை மேஜையில் 'ணங்'கென்று போட்டாள்.

"கீழ நிக்குதே என் கார், அதுக்குள்ள யாரோ இருக்காங்க."

அண்ணி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பழைய நீலக் கார் நின்றது. வெயில் பட்டுப் பட்டு நீலம் பாதி வெளுத்துவிட்டது.

"யாரையும் காணோமே. டிக்கியில இருக்காங்களா?"

"எஞ்சினுக்குள்ள. உள்ளேயிருந்து தட்டறாங்க. டொக், டொக்குன்னு."

"கதவைத் திறந்து விட வேண்டியதுதானே?"

"அண்ணி" என்றாள் துப்பு. அந்த ஒரு சொல்லில் 'வாயை மூடு' என்பது மரியாதையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. "நீங்க உக்காருங்க சிஸ்டர். முதல்லேர்ந்து சொல்லுங்க."

நர்ஸ் உட்கார்ந்தாள். கதை சின்னதுதான். கார் அவளுடைய அக்கா புருஷனிடம் வாங்கியது. அவர் மெக்கானிக். சொந்தப் பட்டறை. வாங்கிய முதல் மாதம் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. அதன் பிறகு தட்ட ஆரம்பித்தது.

"திங்கட்கிழமை மலை மேல இருக்கற ஆஸ்பத்திரியில நான் தலைமை நர்ஸா சேரணும். வருஷக்கணக்கா காத்திருந்து கிடைச்ச வேலை. அங்க பஸ் போகாது. பாதி மலையில வண்டி நின்னுட்டா, எனக்குப் பின்னாடி வரிசையில நிக்கறவ அந்த நாற்காலியில உக்காந்துடுவா. அதனால இன்னிக்கு மதியம் இந்தக் காரைக் கொண்டுபோய் அத்தான் முன்னாடி நிறுத்தி, சாவியை மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வரப்போறேன். அதோட அந்த வீட்டு வாசப்படியையும் மிதிக்கமாட்டேன்."

"விட்டெறியறதுக்கு நாங்க எதுக்கு?" என்றாள் அண்ணி. "கை வலிக்குமா?"

"ஆதாரம் வேணும். அத்தான் என்ன சொல்றார் தெரியுமா? வண்டி நல்லாத்தான் இருக்காம், என் காதுலதான் கோளாறாம். நாலு தடவை காட்டிட்டேன். வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, நீளமா ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை எஞ்சின்மேல வெச்சு, பிடியைக் காதுல வெச்சுக் கேப்பார். 'தேன் மாதிரி ஓடுது'ம்பார். அவ்வளவுதான்."

"ரோட்டுல ஓட்டிப் பார்க்கலையா?"

"ஓட்டமாட்டார். ஓட்டிப் பார்த்துக் கேக்கறவன் டிரைவர், நிறுத்திவெச்சுக் கேக்கறவன்தான் மெக்கானிக்குன்னு பெருமை. நடந்தா மூச்சு வாங்குதுன்னு வர்ற நோயாளியைக் கட்டில்ல படுக்கவெச்சுப் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல போன்னு அனுப்பற டாக்டரை நான் பார்த்திருக்கேன். அந்த ரகம்."

துப்பு எழுந்தாள். "சத்தத்தையும் ஆளை விசாரிக்கற மாதிரிதான் விசாரிக்கணும். எப்ப வாயைத் திறக்குது, எப்ப மூடுது, யாரோட சகவாசம். வாங்க கீழ."

அண்ணியின் அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். பெற்ற பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சியதைவிட எஞ்சினைக் கொஞ்சிய நேரம்தான் அதிகம். ஆகவே பானெட்டைத் திறந்ததும் அண்ணி தோரணையாக இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். நர்ஸ் எஞ்சினைக் கிளப்பினாள்.

'கீச்ச்ச்' என்று ஒரு சத்தம் எழுந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

"இது பெல்ட்டு" என்றாள் அண்ணி. "காலையில எழுந்ததும் சலிச்சுக்கும், அப்புறம் அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். நம்ம வீட்டுல நான் இருக்கேனே, அந்த மாதிரி. குத்தமில்ல."

"அந்த டிக் டிக்?" என்றாள் துப்பு.

"வால்வு. வயசான எஞ்சினுக்கு இருமல். இருமிக்கிட்டே இருக்கும், சாகாது. உங்கப்பா மாதிரி."

"அடியில கடகடன்னு?"

"சைலன்சர்மேல இருக்கற தகடு ஆடுது. ஒரு கம்பி போட்டுக் கட்டினா போதும். இது உன்னை மாதிரி. சும்மா சத்தம்."

மூன்று பேரையும் விசாரித்து அனுப்பியாகிவிட்டது. தட்டுகிற ஆளை மட்டும் காணோம். நின்ற இடத்திலேயே நர்ஸ் ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். எஞ்சின் உறுமியது, புகைந்தது. டொக் மட்டும் வரவில்லை.

"பார்த்தீங்களா?" நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆள் முன்னாடி நல்லவன் வேஷம் போடுது. கிளம்பினாத்தான் ஆரம்பிக்கும்."

மூவரும் ஏறிக் கிளம்பினார்கள். தெருமுனைகூட வரவில்லை.

டொக். ...டொக். டொக்டொக். ...டொக்.

இருமலும் சலிப்பும் இல்லாத சத்தம். நிதானமாக, இரும்பில் இரும்பு விழுகிற சத்தம். துப்பு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெரிய சாலைக்கு வந்து வேகம் பிடித்ததும் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. சிக்னலுக்காக மெதுவாக்கியபோது மறுபடி டொக்.

"வேகமா போனா வாயை மூடிக்குது" என்றாள் அண்ணி. "பயந்த சுபாவம்."

"சிஸ்டர், ஆரம்பத்துலேர்ந்தே இப்படி ரெட்டையா வருதா?"

"இல்ல. முதல்ல ஒத்தை டொக்தான். போன ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்தான் ரெண்டாச்சு."

"குட்டி போட்டிருக்கும்" என்றாள் அண்ணி.

"போன ஞாயித்துக்கிழமை எங்க போயிருந்தீங்க?"

"அக்கா வீட்டுக்குத்தான். ஞாயிறு மதியச் சாப்பாடு எனக்கு எப்பவும் அங்கதான். நான் பாட்டுக்கு உள்ள சாப்பிட்டுட்டு இருப்பேன், வண்டி பட்டறையில நிக்கும்."

"திரும்பி வரும்போது வண்டியில வேற ஏதாவது மாறியிருந்ததா?"

நர்ஸ் யோசித்தாள். "பெருசா ஒண்ணுமில்ல. சீட்டு முன்னாடி இழுத்திருந்தது. முழங்கால் ஸ்டீயரிங்ல இடிச்சுது. அங்க போயிட்டு வந்தா எப்பவும் அப்படித்தான் இருக்கும். அத்தான் ஏறி உக்காந்து எதையாவது பார்ப்பார் போல."

"அத்தான் எவ்வளவு உயரம்?"

"அவரா? குனியாம எந்த வாசல்லயும் நுழைய முடியாது."

துப்பு, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சந்துக்குள் காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னாள்.

"எஞ்சினை அணைங்க. கியரை நடுவுல போடுங்க. அண்ணி, எறங்கு."

"எதுக்கு?"

"தள்ள."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வீட்டுக்கு மருமகளா வந்து அம்மியைத் தள்ளியிருக்கேன், அலமாரியைத் தள்ளியிருக்கேன், உங்கண்ணனை நெட்டித் தள்ளி வேலைக்கு அனுப்பியிருக்கேன். காரு ஒண்ணுதான் பாக்கி." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் பின்னால் போய்க் கையை ஊன்றினாள்.

கார் முனகிவிட்டு நகர்ந்தது. சந்தில் வேறு சத்தமே இல்லை. அண்ணியின் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அப்புறம்...

டொக். ...டொக்டொக்.

அண்ணி தள்ளுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். காரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏய். எஞ்சின் செத்துக் கிடக்குதுல்ல?"

"ஆமா."

"அப்ப யாருடி பேசறது?"

"அதான்" என்றாள் துப்பு. பல நாளாகத் தொலைந்திருந்த தோட்டைக் கண்டெடுத்தவள்போல அவள் முகம் மலர்ந்திருந்தது. "சிஸ்டர், ஸ்க்ரூடிரைவரை எஞ்சின்ல வெச்சு எத்தனை வருஷம் கேட்டாலும் உங்க அத்தானுக்கு இது கேக்காது. எஞ்சின்மேல பழியைப் போட்டுட்டு எவனோ சக்கரத்துல உக்காந்திருக்கான். சக்கரம் உருண்டாத்தான் அவனும் உருளுவான். வேகமா சுத்தினா ராட்டினத்துல உக்காந்தவன் மாதிரி ஓரத்துல ஒட்டிக்குவான், சத்தம் வராது."

இந்த முறை துப்பு தள்ளினாள். அண்ணி குனிந்து ஒவ்வொரு சக்கரமாகக் காதை நீட்டிக்கொண்டே நடந்தாள். முன்பக்கத்து இடது சக்கரத்தில் கையைத் தட்டி, "ஆள் இங்கதான் குடியிருக்கான்" என்றாள்.

அந்தக் காலத்துக் கார். சக்கரத்தின் நடுவில் கவிழ்த்து வைத்த தட்டுப்போல உப்பலான மூடி, வீல் கப். துப்பு உடனே அதில் கை வைக்கவில்லை. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள். மற்ற மூன்று சக்கரங்களின் மூடிகளிலும் நெம்பிய கீறல்கள் இருந்தன. இதில் மட்டும் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. ஓரத்தில் ஒரு நூல் சிக்கியிருந்தது.

"துணியை வெச்சு நெம்பியிருக்காங்க" என்றாள். "காருக்கு வலிக்கக் கூடாதுன்னு நெனைக்கற எதிரி."

வண்டியிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பியதும் மூடி கழன்று வந்தது. உள்ளேயிருந்து இரண்டு பெரிய நட்டுகள் தரையில் விழுந்து உருண்டன.

நர்ஸ் அவற்றை வெறித்தாள். "லாரி நட்டு. அத்தான் பட்டறையில பெட்டி பெட்டியா கிடக்கும். முதல் ஒண்ணு போட்டும் நான் திருப்பிக் கொடுக்கலன்னு இன்னொண்ணு போட்டிருக்கார்! வேற எவனுக்கோ விக்க ஆசை வந்திருக்கு, அதான்!"

துப்பு ஒரு நட்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"அடுத்தது நக்கிப் பார்ப்பியா?" என்றாள் அண்ணி.

"சோப்பு வாசனை வருது."

அண்ணியும் முகர்ந்தாள். எலுமிச்சைச் சோப்பு. நட்டின் மரைகளுக்குள்கூடத் துளி கிரீஸ் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலை துவட்டிய குழந்தைபோல மினுங்கியது.

"பட்டறையில வளர்ந்த நட்டு மாதிரி இல்லையே இது" என்றாள் அண்ணி. "நல்ல குடும்பத்துல வளர்ந்த மாதிரி இருக்கு."

பட்டறை ஊர் ஓரத்தில் இருந்தது. முன்னால் தகரக் கூரை, பின்னால் வீடு. கூரைக்கு அடியில் கழற்றிப் போட்ட எஞ்சின்கள், டயர் அடுக்குகள், கறுத்துப்போன பெட்டிகள். ஒரு மூலையில் உறை போட்டு மூடிய ஒரு கார் மட்டும் மாப்பிள்ளைபோல ஒதுங்கி நின்றது. மெக்கானிக்கின் சொந்தக் கார் என்று நர்ஸ் சொன்னாள். அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாதாம்.

ஒரு லாரியின் அடியிலிருந்து நீளமான இரண்டு கால்கள் வெளியே வந்தன. வந்துகொண்டே இருந்தன. கடைசியாக மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

"வா வா. காது எப்படி இருக்கு?" என்றார் மச்சினியைப் பார்த்து.

"துணைக்கு ரெண்டு பேரோட காதையும் கூட்டிட்டு வந்திருக்கேன் அத்தான்."

அவர் சிரித்தார். யாரும் கேட்காமலே பானெட்டைத் திறந்தார், எஞ்சினைக் கிளப்பினார், நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பூஜையில் நிற்பவர் முகத்தில்கூட அத்தனை பக்தி இருக்காது.

"தேன்" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு வந்தாள். நர்ஸின் அக்கா. நர்ஸின் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். "வாங்க" என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு சொல் சொல்லிவிட்டு, தட்டோடு ஓரமாக நின்றுகொண்டாள்.

துப்பு இரண்டு நட்டுகளையும் காரின் மேல் வைத்தாள். "இதையும் கேட்டுச் சொல்லுங்க சார். வீல் கப்புக்குள்ள இருந்துச்சு."

மெக்கானிக் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "என் பட்டறை நட்டுதான்."

"ஒத்துக்கிட்டார்!" நர்ஸ் வெடித்தாள். "கேட்டுக்கங்க, எல்லாரும் கேட்டுக்கங்க! சொந்த மச்சினின்னு கூடப் பார்க்காம..."

"நானா? இதையா?" மெக்கானிக்கின் முகம் சிவந்தது. "ஏம்மா, ஒரு எஞ்சினைக் கத்தவிடணும்னா எனக்கு எத்தனை வழி தெரியும்? வால்வுல ஒரு திருகு திருகினா போதும், ஊரே எழுந்து ஓடும்! போயும் போயும் வீல் கப்புல நட்டு? சின்னப் புள்ளத்தனமா இல்ல? என்னைப் பார்த்தா அவ்வளவு கேவலமான தொழில்காரனாவா தெரியுது?"

அண்ணி துப்புவின் காதருகே குனிந்தாள். "திருடலன்னு சொல்லலடி. திருடியிருந்தா இதைவிட நல்லா திருடியிருப்பேன்கறார்."

"அவர் உண்மையைத்தான் சொல்றார்" என்றாள் துப்பு மெல்ல. பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினாள். "சார், உங்க பெட்டியிலேர்ந்து இவ்வளவு சுத்தமா ஒரு நட்டு எடுத்துக் கொடுங்க பார்ப்போம்."

அவர் ஒரு பெட்டிக்குள் கையை விட்டு அள்ளினார். வந்ததெல்லாம் கரிக்கட்டை. இன்னொரு பெட்டி. அதுவும் அப்படியே. அப்போதுதான் தன் கையிலிருந்த நட்டை அவர் சரியாகப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

துப்பு தன் கறுத்த கைகளைக் கழுவ இடம் தேடுவதுபோல வீட்டுப் பக்கம் நடந்தாள். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு படி. படியோரம் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், பக்கத்தில் கம்பி நார். உள்ளே ஜன்னல் விளிம்பில் பளபளவென்று தேய்த்த நட்டுகளும் போல்ட்டுகளும் வரிசையாக இருந்தன. காற்றில் திரை பறக்காமல் இருக்க ஒன்று, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்று.

"அது இவ சட்டம்" என்றார் மெக்கானிக் பின்னாலிருந்து. "பட்டறையிலேர்ந்து எது வீட்டுக்குள்ள போனாலும் குளிச்சுட்டுத்தான் போகணும். நட்டானாலும் சரி, நானானாலும்..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

துப்பு கையை நனைத்துக்கொண்டாள். எலுமிச்சை வாசனை. அவள் யாரையும் கைநீட்டிக் காட்டவில்லை. இந்த இடத்தில்தான் அவளுக்கு எப்போதும் தொழிலே பிடிக்காமல் போகும்.

"சார், இந்தக் காரை முன்னாடி யார் ஓட்டிட்டு இருந்தது?"

"யாரும் இல்ல. சும்மா நின்னுட்டு இருந்துச்சு."

"சும்மாவே நின்னுதா?"

"இவ ஓட்டுவா" என்றார் மனைவியைப் பார்க்காமலே. "கடை கண்ணிக்கு. சாயந்தரத்துல சும்மா ஒரு சுத்து போயிட்டு வருவா. கல்யாணமான புதுசுல நான்தான் கத்துக்கொடுத்தேன். வேற வண்டியில இவளுக்குக் கால் எட்டாது. இதுல சீட்டை நல்லா முன்னாடி இழுத்துக்குவா..."

நர்ஸ் திரும்பித் தன் காரின் சீட்டைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"விக்கறதுக்கு முன்னாடி இவங்களைக் கேட்டீங்களா?" என்றாள் துப்பு.

"சொன்னேனே. ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். ஒண்ணும் சொல்லல. ரசத்தை ஊத்திட்டு எழுந்து போயிட்டா."

"சொன்னீங்க சார். கேட்டீங்களா?"

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அண்ணி எட்டி அணைத்து, சாவியை உருவி நர்ஸிடம் கொடுத்தாள்.

"அக்கா" என்றாள் நர்ஸ். "நீயா? எனக்கு வேலையே போயிருக்கும்க்கா! இந்த மனுஷனைத் திருடன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்!"

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் தாழ்ந்திருந்தாலும் தடுமாறவில்லை.

"உன்னை மலையேற விடாம பண்ணணும்னு இல்லடி. உனக்கு அங்க வேலை கிடைச்சது எனக்கு நேத்துதான் தெரியும். சத்தம் வருதுன்னு நீ திருப்பிக் கொடுத்துடுவே, இவர் எஞ்சின்ல காதை வெச்சுட்டு ஒண்ணுமில்லன்னு ஓரமா நிறுத்திடுவார்னு நெனச்சேன். நீ திருப்பிக் கொடுக்கல. சரி, ஒண்ணு பத்தல போலன்னு ரெண்டாவதைப் போட்டேன்."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

"தங்கச்சிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? நல்லா இருக்கு நியாயம். நாலு பேர் என்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார் மெக்கானிக். அவரிடம் அதுவரை இருந்த உயரத்தில் பாதியைக் காணோம். "நான் என்ன, காது கேக்காதவனா?"

"அவங்க உள்ளுக்குள்ளயே ஓடற ரகம் சார்" என்றாள் அண்ணி. "நீங்க நிறுத்திவெச்சுத்தான் கேப்பீங்க. அவங்க உங்க முன்னாடி ஒரு நாளாவது நின்னிருக்காங்களா? வாளியைத் தூக்கிட்டு, தட்டைத் தூக்கிட்டு, ஓடிக்கிட்டேதானே இருந்திருக்காங்க."

துப்பு அண்ணியை ஆச்சரியமாகப் பார்த்தாள். சம்பளம் கொடுக்காதது தப்போ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

நர்ஸ் மேஜையில் போட்ட அதே வேகத்தில் சாவியை எங்காவது வீசுவாள் என்று துப்பு எதிர்பார்த்தாள். அவள் வீசவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள், திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள்.

"இதைக் கொடுத்தா எனக்குத் திங்கட்கிழமை இல்ல. கொடுக்கலன்னா எனக்கு ஞாயித்துக்கிழமை இல்ல. நான் என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. அவளுடைய அக்காகூட 'வெச்சுக்கோ' என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று துப்பு மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் 'வெச்சுக்கோ' என்றுதான் சொல்லியிருப்பாள்.

மெக்கானிக்தான் நகர்ந்தார். வாளிக்குப் போய்க் கையைக் கழுவினார். முழங்கை வரைக்கும், நகக்கண் வரைக்கும், மனைவி சொல்லாமலே. அப்புறம் மூலைக்குப் போய் அந்தச் சொந்தக் காரின் உறையைச் சரசரவென்று உருவினார். உள்ளே சிவப்புக் கார். முகம் பார்க்கலாம். சட்டைப் பையிலிருந்து அதன் சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மச்சினியின் கையில் வைத்தார்.

"ஏத்தத்துல மூணாவது கியர் முரண்டு பிடிக்கும். ரெண்டுலயே போ. பிரேக்கைச் சும்மா சும்மா மிதிக்காதே. எங்கயாவது உரசினே..." என்று ஆரம்பித்தவர், எச்சிலை விழுங்கினார். "உரசினா பரவால்ல."

"இந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வலிச்சிருக்கும்" என்றாள் அண்ணி. "பல்லு பிடுங்கற மாதிரி."

நர்ஸ் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. நீலக் காரின் சாவியை அக்காவிடம் நீட்டினாள். "இந்தா. ஆனா நாளைக்கு மதியம் சாப்பாட்டுக்கு வருவேன். ரசத்துல நட்டு கிட்டு கிடந்துச்சு, பார்த்துக்கோ."

அக்கா சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் தட்டை என்ன செய்வதென்று பார்த்தாள். வைக்க இடமில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு, டம்ளர்களோடு தட்டை அப்படியே கணவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு கையில் உருவிய உறையும் மறு கையில் தட்டுமாகத் திணறினார். தண்ணீர் தளும்பி அவர் சட்டையில் கொட்டியது.

"எங்க போறே? எப்ப வருவே?" என்று அவர் கேட்டார்.

அவள் தங்கையின் கையிலிருந்து சாவியை எடுத்தாள். புடவை காலில் சிக்காமல் ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள், சீட்டை நன்றாக முன்னால் இழுத்துக்கொண்டாள், கதவைச் சாத்தினாள், காரைக் கிளப்பினாள். பின்னால் பார்த்து, முன்னால் பார்த்து, பட்டறை வாசலைத் தாண்டிப் பெரிய சாலையில் திரும்பி, யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டாள்.